கணிப்பொறி கேட்கும் மூன்று வழிகள்



வீட்டில் கணிப்பொறி வாங்கியாயிற்று. மேசை போட்டு, திரையை வைத்து, விசைப்பலகையையும் சுட்டியையும் இணைத்துப் பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒளி வந்துவிட்டது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஓராண்டு கழிகிறது. ஒரு நாள் பொறி தானாகவே நின்றுவிடுகிறது. இன்னொரு நாள் பெட்டியைத் தொட்டால் விரலில் சுருசுரு என்கிறது. மற்றொரு நாள் கரண்ட் போய் வந்த பிறகு, மாலை முழுவதும் தட்டச்சு செய்த கட்டுரையைக் காணவில்லை. “வைரஸ் புகுந்துவிட்டது” என்கிறார் அண்ணன். “பழசாகிவிட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

இந்த மூன்று தொல்லைகளுக்கும் பெரும்பாலும் வைரஸ் காரணமாக இருப்பதில்லை. காரணம் உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது. வெப்பம், மின்தடை, மின்தேக்கி ஆகிய பாடங்களை ஒருமுறை திருப்பிப் பார்த்தால் போதும்.

வீட்டுக் கணிப்பொறி நம்மிடம் மூன்று வழிகளைக் கேட்கிறது. உள்ளே உண்டாகும் வெப்பம் வெளியே போக ஒரு வழி. உலோகப் பெட்டிக்குக் கசிந்து வரும் மின்சாரம் பூமிக்குள் இறங்க ஒரு வழி. நாம் எழுதி வைத்தது அழிந்துபோனால் மீண்டும் கிடைக்க ஒரு வழி. முதல் வழியை அடைத்தால் பணம் போகும். மூன்றாவதை மறந்தால் உழைப்பு போகும். இரண்டாவதைக் கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே மூன்றையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

மேசைக்கு அடியில் ஓர் அடுப்பு

மின்விளக்கு மின்னாற்றலை ஒளியாக மாற்றுகிறது. மின்விசிறி அதை இயக்க ஆற்றலாக மாற்றுகிறது. கணிப்பொறி எதுவாக மாற்றுகிறது? “கணக்காக” என்று சொல்லத் தோன்றும். ஆனால் கணக்கு ஓர் ஆற்றல் அல்லவே! கணிப்பொறிக்குள் போகும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளிவருகிறது. ஒரு கணிப்பொறி 150 வாட் மின்சாரம் எடுத்துக்கொண்டால், உங்கள் அறையில் 150 வாட் அடுப்பு ஒன்று எரிகிறது என்று பொருள்.

இது கணிப்பொறியோடு கூடப் பிறந்த தொல்லை. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ‘எனியாக்’ என்னும் மின்னணுக் கணிப்பொறி உலகுக்குக் காட்டப்பட்டது. அதில் ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது எடுத்துக்கொண்ட மின்சாரம் சுமார் 150 கிலோவாட். அத்தனை வெப்பத்தையும் வெளியேற்றப் பெரிய ஊதுவிசிறிகள் வைக்க வேண்டியிருந்தது.

இன்றைய கணிப்பொறியின் செயலி நகத்தளவுச் சிலிக்கன் சில்லு. அதில் பல கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அதன் கடிகாரம் வினாடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ஏராளமான டிரான்சிஸ்டர்கள் திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் நுண்ணிய அளவில் மின்னூட்டம் ஏறி இறங்குகிறது. ஒரு துளி வெப்பம் உண்டாகிறது. துளி சிறிதுதான், ஆனால் துளிகளின் எண்ணிக்கை மிகப் பெரிது.

ஒரு கணக்குப் போடுவோம். செயலி 65 வாட் எடுக்கிறது. சில்லின் பரப்பு 2 சதுர செ.மீ. என்று கொள்வோம். அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டரில் 32 வாட்டுக்குமேல் வெப்பம் எழுகிறது. இப்போது இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 வாட் பெட்டியின் அடித்தகடு சுமார் 200 சதுர செ.மீ. இருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான் வருகிறது! பரப்பளவில் பார்த்தால் இஸ்திரிப் பெட்டியைவிட ஆறு மடங்கு அதிகமாகக் கணிப்பொறியின் சில்லு சூட்டைக் கக்குகிறது. வியப்பாக இருக்கிறதல்லவா?

இஸ்திரிப் பெட்டி சூடாவதற்கென்றே செய்யப்பட்டது. சில்லு அப்படியல்ல. அதன் வெப்பநிலை 100 டிகிரி செல்சியசை நெருங்கும்போது, செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அப்போதும் சூடு தணியாவிட்டால் பொறியையே நிறுத்திவிடுகிறது. “கணிப்பொறி மந்தமாகிவிட்டது” என்று நாம் குறைப்பட்டுக்கொள்ளும் பல நேரங்களில், அது உண்மையில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது.

வெப்பத்துக்கும் ஓர் ஓம் விதி

சில்லின் மேல் ஓர் அலுமினியக் கட்டி உட்கார்ந்திருக்கும். அதில் மெல்லிய தகடுகள் சீப்பின் பற்களைப்போல வரிசையாக நிற்கும். இதனை ‘ஹீட் சிங்க்’ என்பார்கள். இதன் மேல் ஒரு சிறு மின்விசிறி. சில்லில் பிறக்கும் வெப்பம் அலுமினியத்துக்குப் பாய்ந்து, தகடுகளில் பரவி, காற்றுக்குப் போகிறது.

இந்த ஓட்டத்தை மின்னோட்டத்தோடு ஒப்பிடலாம். மின்னழுத்த வேறுபாடு இருந்தால் மின்னோட்டம் பாயும். வெப்பநிலை வேறுபாடு இருந்தால் வெப்பம் பாயும். மின்னோட்டத்துக்கு மின்தடை உண்டு. வெப்பத்துக்கு வெப்பத் தடை உண்டு. ஓம் விதியைப்போலவே இங்கும் எழுதலாம்:

சில்லின் வெப்பநிலை = அறையின் வெப்பநிலை + (வாட் × வெப்பத் தடை)

இந்த ஒரு வரியில் வீட்டுக் கணிப்பொறியின் பாதி வைத்தியம் அடங்கியிருக்கிறது.

எங்கள் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு மே மாதத்தில் என்னிடம் வந்தார். “சார், என் கணிப்பொறி காலையில் நன்றாக ஓடுகிறது, மதியம் மட்டும் நின்றுவிடுகிறது. மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள்” என்றார். மதர்போர்டுக்குக் காலை எது, மதியம் எது என்று தெரியுமா? காலைக்கும் மதியத்துக்கும் மாறுவது எது என்று அவரையே கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “அறையின் சூடு” என்றார்.

எடுத்துக்காட்டுக்குச் சில எண்களை வைத்துப் பார்ப்போம். செயலி 65 வாட். ஹீட் சிங்க் சுத்தமாக இருக்கும்போது வெப்பத் தடை வாட்டுக்கு 0.6 டிகிரி என்று கொள்வோம். 65 × 0.6 = 39. காலையில் அறை 26 டிகிரி என்றால் சில்லு 65 டிகிரி. மதியம் அறை 38 டிகிரி என்றால் சில்லு 77 டிகிரி. இரண்டு வேளையிலும் ஆபத்தில்லை.

தகடுகளுக்கு இடையில் தூசி அடைத்துக்கொள்கிறது. வெப்பத் தடை 1 ஆக உயர்கிறது. இப்போது 65 × 1 = 65. காலையில் 26 + 65 = 91 டிகிரி; பொறி எப்படியோ தாக்குப்பிடிக்கிறது. மதியம் 38 + 65 = 103 டிகிரி; எல்லையைக் கடந்துவிட்டது, பொறி நிற்கிறது. மாணவர் சொன்ன காலை, மதிய வேறுபாடு அப்படியே கிடைத்துவிட்டது! அவருடைய பெட்டியைத் திறந்து பார்த்தபோது ஹீட் சிங்க்கின் மேல் தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது. அதை நீக்கிய பின் மே மாத மதியத்திலும் பொறி ஓடியது. மதர்போர்டை யாரும் மாற்றவில்லை.

இன்னொன்றையும் இந்தச் சமன்பாடு சொல்கிறது. மின்விசிறி எத்தனை வேகமாகச் சுற்றினாலும் சில்லை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. சூடான காற்றை விலக்கிப் புதிய காற்றைக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

சில்லுக்கும் அலுமினியத்துக்கும் இடையே வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ ஒரு பசை தடவியிருப்பார்கள். எதற்கு? இரண்டு உலோகப் பரப்புகளும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணளவில் மேடும் பள்ளமுமாக இருக்கின்றன. பள்ளங்களில் காற்று நிற்கும். காற்றின் வெப்பக் கடத்துதிறன் அலுமினியத்தினுடையதில் ஏறக்குறைய ஒன்பதாயிரத்தில் ஒரு பங்குதான். அந்தக் காற்றை விரட்டிவிட்டு அந்த இடத்தில் அமர்வதே பசையின் வேலை. பசையும் அலுமினியத்தைவிட மோசமான கடத்திதான். ஆகவே பட்டாணி அளவு போதும். அப்பிவிட்டால் அதுவே தடையாகிவிடும். சில ஆண்டுகளில் பசை காய்ந்து போகும். தூசியைத் துடைத்தும் சூடு குறையவில்லை என்றால் பழுதுபார்ப்பவரிடம் பசையை மாற்றச் சொல்லுங்கள்.

தூசி வந்த வழி

இத்தனை தூசி பெட்டிக்குள் எப்படி வந்தது? இதற்கும் கணக்கு உண்டு.

ஒரு கிலோகிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1000 ஜூல் தேவை. பெட்டிக்குள் நுழையும் காற்று 10 டிகிரி சூடேறி வெளியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கிலோகிராம் காற்று 10,000 ஜூல் வெப்பத்தைச் சுமந்து செல்லும். வினாடிக்கு 150 ஜூல் வெளியேற வேண்டுமானால் வினாடிக்கு 15 கிராம் காற்று தேவை. 15 கிராம் காற்று சுமார் 13 லிட்டர். அதாவது, வினாடிக்கு ஒரு குடம் காற்று!

ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் பொறி ஓடினால் ஏறக்குறைய 1,87,000 லிட்டர் காற்று அதன் வழியே போகிறது. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறையில் இருப்பது சுமார் 28,000 லிட்டர் காற்று. ஆக, அறையின் காற்று முழுவதும் ஆறு முறைக்குமேல் அந்தச் சிறு பெட்டிக்குள் புகுந்து வெளிவருகிறது. அறையில் மிதக்கும் பஞ்சிழை, தலைமுடி, தெருப்புழுதி எல்லாம் குறுகிய தகடுகளில் சிக்கிக்கொள்வதில் வியப்பில்லை.

எனவே பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். தரையில் வைத்தால் பெருக்கும்போது எழும் தூசி நேரே உள்ளே போகும். ஒரு சாண் உயரமாவது தூக்கி வையுங்கள். கதவு மூடிய மேசையறைக்குள் வைத்தால் தான் கக்கிய சூட்டையே மீண்டும் இழுத்துக்கொள்ளும். சமன்பாட்டில் ‘அறையின் வெப்பநிலை’ என்ற எண்ணே உயர்ந்துவிடும். சுவருக்கும் பெட்டியின் பின்புறத்துக்கும் நான்கு விரற்கடை இடைவெளி வேண்டும். தூசி படாமலிருக்க அம்மா தைத்துப் போட்ட துணியுறை நல்லதே. ஆனால் பொறி ஓடும்போது அதை முழுவதும் எடுத்துவிட வேண்டும். மடிக்கணினிகள் பலவற்றுக்குக் காற்றுத் துளைகள் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. அவற்றை மெத்தையிலோ தலையணையிலோ வைத்து வேலை செய்வது, ஓடுகிறவனின் மூக்கைப் பொத்துவதற்குச் சமம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூசியை நீக்குங்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். பொறியை நிறுத்தி, மின்செருகியைக் கையால் உருவி எடுத்துவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பெட்டியை வெளித்திண்ணைக்குக் கொண்டு போங்கள். பக்கத் தகட்டைக் கழற்றி, ஈரமில்லாத மெல்லிய வண்ணத் தூரிகையால் தூசியைத் தள்ளுங்கள். மின்விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு துடைக்க வேண்டும். ஊதுபம்பால் அதைத் தாறுமாறாகச் சுழல விட்டால் அச்சு தேய்ந்துபோகும். ஈரத்துணி கூடாது.

உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். நம் உடலில் சில ஆயிரம் வோல்ட் நிலைமின்னூட்டம் நமக்குத் தெரியாமலே ஏறியிருக்கக்கூடும். சில்லுகளைப் பழுதாக்கச் சில நூறு வோல்ட்டே போதும். பெட்டியைத் தொடும்போது உங்களுக்கும் அதற்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இல்லாமல் போகிறது.

ஒன்றை மட்டும் எந்நாளும் திறக்கக் கூடாது. மின்கம்பி வந்து நுழையும், மூடிய உலோகப் பெட்டி இருக்கிறதே, அதுதான் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி. அதற்குள் ஒரு பெரிய மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றம் பெற்றிருக்கும். மின்செருகியை உருவிய பின்னும் சிறிது நேரம் அந்த மின்னூட்டம் அங்கேயே காத்திருக்கும்.

சுருசுரு என்னும் பெட்டி

இனி இரண்டாவது வழிக்கு வருவோம். வெறுங்காலோடு தரையில் நின்று பெட்டியின் பின்புற உலோகத்தை மெல்லத் தொட்டால் சில வீடுகளில் சுருசுரு என்கிறது. “கொஞ்சம் எர்த் அடிக்கிறது, பழகிவிடும்” என்பார்கள். பழகிக்கொள்ளக் கூடிய விஷயமன்று இது. சொல்லப்போனால், எர்த் இல்லாததால்தான் இப்படி இழுக்கிறது!

மின்வழங்கி, உள்வரும் மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித் தன் வேலையைச் செய்கிறது. இதனால் உண்டாகும் மின்னிரைச்சல் வீட்டுக் கம்பிகளில் பரவாமலிருக்க, நுழைவாயிலில் இரண்டு சிறு மின்தேக்கிகளை வைத்திருக்கிறார்கள். ஒன்று கட்டக் கம்பிக்கும் உலோகப் பெட்டிக்கும் இடையே. மற்றொன்று நடுநிலைக் கம்பிக்கும் உலோகப் பெட்டிக்கும் இடையே. உலோகப் பெட்டி புவித்தொடுப்புக் கம்பியோடு இணைந்திருந்தால், இவற்றின் வழியே கசியும் சிறு மின்னோட்டம் பேசாமல் பூமிக்குப் போய்விடும்.

புவித்தொடுப்பு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டுக்குக் குறுக்கே சமமான இரண்டு மின்தேக்கிகள் தொடர் இணைப்பில் நிற்கின்றன. நடுப்புள்ளி உங்கள் உலோகப் பெட்டி. நடுப்புள்ளியின் மின்னழுத்தம் என்ன? சரிபாதி, 115 வோல்ட்! டெஸ்டரை வைத்தால் ஒளிரும். அதனால்தான் கை வைத்தவுடன் சுருசுரு என்கிறது.

ஆனால் மின்தேக்கியின் அளவு மிகச் சிறியது, 2.2 நானோஃபாரட் என்று கொள்வோம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் வழியே பாயக்கூடியது 2π × 50 × 2.2 × 10⁻⁹ × 230, அதாவது 0.16 மில்லியாம்பியர். இது உயிரை வாங்கும் அளவன்று. அப்படியானால் ஏன் அஞ்ச வேண்டும்?

அந்தச் சுருசுருப்பு ஒரு செய்தி சொல்கிறது: “உன் வீட்டில் எனக்குப் பூமிக்கு வழி இல்லை.” நாளை எலி கடித்தோ, கம்பியின் உறை உரிந்தோ, கட்டக் கம்பி நேராகவே பெட்டியைத் தொட்டுவிட்டது என்று எண்ணிப் பாருங்கள். புவித்தொடுப்பு இருந்தால் பெருமின்னோட்டம் அதன் வழியே பாய்ந்து, ஃபியூஸ் உருகிவிடும், அல்லது எம்.சி.பி. விழுந்துவிடும். புவித்தொடுப்பு இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. பொறி வழக்கம்போல ஓடும். உலோகப் பெட்டி மட்டும் 230 வோல்ட்டில் ஓசையின்றிக் காத்திருக்கும். அதைத் தொடுகிறவரே பூமிக்குப் போகும் வழி ஆகிவிடுவார். நனைந்த உடலின் மின்தடை 1000 ஓம் அளவுக்குக் குறையலாம். 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லியாம்பியர். 30 மில்லியாம்பியரே ஆபத்தான அளவு என்பதால்தான், வீடுகளில் பொருத்தும் ஆர்.சி.சி.பி. என்னும் பாதுகாப்புக் கருவி 30 மில்லியாம்பியர் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி செய்யப்படுகிறது.

உங்கள் கணிப்பொறியின் மின்செருகியை எடுத்துப் பாருங்கள். மூன்று முள்களில் ஒன்று மட்டும் நீளமாகவும் தடிப்பாகவும் இருக்கும். அதுதான் எர்த் முள். செருகும்போது அது முதலில் தொட வேண்டும், உருவும்போது கடைசியாக விலக வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். தடிப்பாக இருப்பதால் மற்றத் துளைகளில் தவறியும் நுழையாது. எத்தனை யோசித்துச் செய்திருக்கிறார்கள்! நாமோ இரண்டு துளைப் பெட்டியில் செருகுவதற்காக அதையே உடைத்துப் போடுகிறோம்.

மூன்று துளை இருந்தாலே புவித்தொடுப்பு இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. பழைய வீடுகளில் மேல்துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாமலிருக்கும். மலிவான எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் சிலவற்றிலும் உள்ளே இரண்டு கம்பிகள்தான் ஓடும். இதை நீங்களே சோதிக்க முயல வேண்டாம். சுவிட்சுப் பலகையைத் திறப்பது மாணவர் வேலையன்று. “கணிப்பொறி வைத்திருக்கும் இடத்தில் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள், அண்ணா” என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். கணிப்பொறி வாங்கும் நாளிலேயே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது.

நினைவு எங்கே இருக்கிறது?

மூன்றாவது வழியைப் புரிந்துகொள்ளக் கணிப்பொறியின் நினைவுகளைப் பற்றி அறிய வேண்டும்.

நீங்கள் தட்டச்சு செய்யும் எழுத்து முதலில் ‘ராம்’ என்னும் தற்காலிக நினைவகத்தில் தங்குகிறது. அதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம். 8 ஜிகாபைட் ராமில் இத்தகைய மின்தேக்கிகள் சுமார் 6,900 கோடி! இவை மிகச் சிறியவையாதலால் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றிக்கொண்டே இருப்பதுபோல, வழக்கமாக 64 மில்லிவினாடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் படித்து மீண்டும் எழுதியாக வேண்டும். மின்சாரம் நின்றால் ஊற்றுவாரில்லை, எழுதியது போய்விடும்.

மின்வழங்கியில் உள்ள பெரிய மின்தேக்கி உதவாதா? 330 மைக்ரோஃபாரட், 325 வோல்ட் என்று கொண்டால் அதில் உள்ள ஆற்றல் ½CV², அதாவது சுமார் 17 ஜூல். 150 வாட் பொறிக்கு அது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் வரும். அதையும் முழுவதும் உறிஞ்ச முடியாது. விளக்கு ஒருமுறை கண்சிமிட்டினால் சமாளிக்கும். கரண்ட் போனால் சமாளிக்காது.

இங்குதான் யு.பி.எஸ். உதவுகிறது. வீட்டு யு.பி.எஸ். பலவற்றில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்று இருக்கும். 12 × 7 = 84 வாட்-மணி. 84-ஐ 150-ஆல் வகுத்தால் அரை மணிக்குச் சற்றுமேல் வரும். ஆனால் மின்கலத்தை வேகமாகக் காலி செய்தால் அதன் முழு ஆற்றலும் கிடைக்காது. மின்சாரத்தை மாற்றுவதிலும் இழப்பு உண்டு. நடைமுறையில் பத்து, பதினைந்து நிமிடம் கிடைத்தால் நல்லது. யு.பி.எஸ். கத்தத் தொடங்கினால் அதை “தொடர்ந்து வேலை செய்” என்று கேட்காதீர்கள். “சேமித்துவிட்டு அணை” என்று கேளுங்கள். சில ஆண்டுகளில் மின்கலம் வலுவிழந்துவிடும். அப்போது மின்கலத்தை மட்டும் மாற்றினால் போதும். இடி மின்னலின்போது யு.பி.எஸ்.ஸை நம்பாமல், மின்செருகியையும் இணையக் கம்பியையும் உருவிவிடுங்கள். மின்னல் வெளுக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். மின்னும்போது கம்பிகளைத் தொடாதீர்கள்.

மதர்போர்டில் நாணயம்போல ஒரு மின்கலம் பதிந்திருக்கும். அதன் பெயர் சி.ஆர். 2032. பெயரிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மி.மீ., தடிமன் 3.2 மி.மீ. பொறி அணைந்திருக்கும்போதும் உள்ளே கடிகாரத்தை ஓட வைப்பது இதுதான். சில ஆண்டுகளில் இது தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை பொறியைத் தொடங்கும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். இணையப் பக்கங்கள் “பாதுகாப்பில்லை” என்று மிரட்டும். அவற்றின் பாதுகாப்புச் சான்றிதழ்களில் செல்லுபடியாகும் தேதி இருக்கிறதல்லவா? பார்ப்பதற்கு வைரஸ் வேலைபோலத் தோன்றும். மருந்து, கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் மலிவான மின்கலம் ஒன்றே.

மூன்றாவது வழி

சேமி என்று ஆணையிட்டதும் எழுத்து நிலையான நினைவகத்துக்குப் போகிறது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் முதல் வன்தட்டை வெளியிட்டபோது, இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகளில் சுமார் 5 மெகாபைட்தான் கொண்டது. இன்று கைபேசி எடுக்கும் ஒரு படத்துக்கே அவ்வளவு இடம் தேவைப்படும்!

மேசைக் கணிப்பொறியின் வன்தட்டு பலவற்றில் நிமிடத்துக்கு 7200 சுற்றுகள் சுழல்கிறது. அதாவது வினாடிக்கு 120 சுற்றுகள். தட்டின் விட்டம் 9.5 செ.மீ. என்றால் விளிம்பின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். எழுதிப் படிக்கும் முனை, சுழலும் தட்டைத் தொடாமல் அதன் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமயிரின் தடிமன் 70,000 நானோமீட்டர் அளவு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடும் பொறியை ‘சும்மா கொஞ்சம்’ நகர்த்துவது எத்தனை பெரிய அதிர்ச்சி என்பது இப்போது விளங்கும். எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகை நினைவகத்தில் சுழலும் பகுதி இல்லை. ஆனால் அதிலும் எழுதி அழிக்கும் தடவைகளுக்கு எல்லை உண்டு.

எந்த நினைவகமும் என்றோ ஒரு நாள் பழுதாகும். செயலியும் ராமும் போனால் கடையில் வாங்கலாம். அக்காவின் திருமணப் படங்களையும் நீங்கள் எழுதிய கட்டுரையையும் எந்தக் கடையில் வாங்குவது? எனவே இன்னொரு நகல் வேண்டும்.

நிகழ்தகவுக் கணக்கு ஒன்று. ஒரு தட்டு ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு ஐம்பதில் ஒன்று என்று கற்பனையாகக் கொள்வோம். தனித்தனியான இரண்டு தட்டுகளில் நகல் இருந்தால், இரண்டும் அதே ஆண்டில் பழுதாகும் வாய்ப்பு 1/50 × 1/50 = 1/2500. ஆனால் ‘தனித்தனி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டு தட்டுகளும் ஒரே பொறியில் எப்போதும் செருகியிருந்தால், ஒரே மின்னல், ஒரே வைரஸ், ஒரே திருடன் இரண்டையும் கொண்டுபோகலாம். அப்போது இந்தப் பெருக்கல் செல்லாது. ஆகவே முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறோர் இடத்தில் இருக்கட்டும். பொறியில் ஒன்று, நகல் எடுத்தபின் கழற்றி அலமாரியில் வைக்கும் வெளித்தட்டில் ஒன்று, மாமா வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. மாதத்துக்கு ஒருமுறை நகலைத் திறந்து படிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்ப முடியாது.

செய்து பாருங்கள்

செயலியின் வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உள்ளன. அவற்றில் ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். சுவரில் ஒரு சாதாரண வெப்பமானியை மாட்டுங்கள். ஒரு வாரம், காலையிலும் மதியத்திலும், பொறியைத் தொடங்கி அரை மணி நேரம் ஒரே வகை வேலையைச் செய்தபின் இரண்டு அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். செயலியின் வெப்பநிலையிலிருந்து அறையின் வெப்பநிலையைக் கழியுங்கள். வேலை மாறாதவரை இந்த வேறுபாடு காலையிலும் மதியத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பிறகு தூசியை நீக்கிவிட்டு மறுபடியும் ஒரு வாரம் அளவெடுங்கள். வேறுபாடு எத்தனை டிகிரி குறைந்தது? உங்கள் பொறியின் வெப்பத் தடையைத்தான் நீங்கள் அளந்திருக்கிறீர்கள்.

அந்தத் தாளைப் பொறியின் அருகிலேயே ஒட்டி வைத்து, மாதத்துக்கு ஒருமுறை ஒரு புதிய அளவைச் சேர்த்து வாருங்கள். வேறுபாடு மெல்ல மெல்ல ஏறத் தொடங்கினால், பொறி நின்றுபோகும் வரை காத்திராமல் தூரிகையை எடுக்கும் நாள் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வீர்கள்.